டீக்கு முந்திச் சொன்னது

முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வேயில் இருந்தவன் என்றால் கல்யாண வீடுகளில் நல்ல மரியாதை கிடைக்கும். "எஞ்சின் ஓட்டினீங்களா?" என்று அடுத்த கேள்வி வரும்வரைதான் அது. நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டது பெட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்பும் பிரிவின் மேற்பார்வையாளனாக. தம்பானூர் ஸ்டேஷனில் வந்து நிற்கும் வண்டியில் கழிப்பறைக் குழாயைத் திறந்தீர்கள், தண்ணீர் வந்ததா? அது நான். வரவில்லையா? அதுவும் நான்தான்.

ரயில்வே என்னை வேலைக்கு எடுத்தது இதற்காக இல்லை. நீராவி எஞ்சினின் பாய்லரைச் சோதித்துப் பார்ப்பதற்காக எடுத்தது. மூன்று வருடம் உதவித்தொகை கொடுத்துச் சொல்லித் தந்தது. நான் தேறி வெளியே வந்த வருடமே எங்கள் பகுதியில் நீராவியை நிறுத்திவிட்டது. நான் தேறியதற்கும் நிறுத்தியதற்கும் சம்பந்தம் இல்லை என்று என் மனைவி கோமதி சொல்வாள். எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. எப்படியோ, நீராவியில் ஆவி போய், நீர் மட்டும் என் பங்குக்கு மிஞ்சியது.

ஆக ஒரு சர்வீஸ் முழுக்க முடித்தும், நான் எந்த வேலைக்காகப் படித்தேனோ அதை ஒரு தடவைகூடச் செய்யவில்லை. ஒரு பாய்லரின் உள்ளே போய்ப் பார்த்து, வெளியே வந்து, "நீராவிக்குத் தகுதியுடையது" என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவதுதான் அந்த வேலை. அந்தக் கையெழுத்தை மட்டும் பயிற்சி வகுப்பில் நோட்டின் கடைசிப் பக்கங்களில் நிறையப் போட்டுப் பழகியிருந்தேன். கடைசி எழுத்தின் சுழியை இழுத்து, அடியில் கோடு போட்டு, இரண்டு புள்ளி வைத்து. ரயில்வேயை நடத்துகிறவன் போடுவது மாதிரி இருக்கும்.

இதையெல்லாம் எழுதச் சொன்னவள் விஜி. கரமனை அக்ரஹாரத்துப் பெண், பேச்சில் பாதி மலையாளம். கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய நிரலில் தப்புக் கண்டுபிடிக்கும் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய நீராவி எஞ்சினைச் சீர்செய்யும் கூட்டத்துக்குத் தலைவி.

"சார், நாங்க மலர் ஒண்ணு இறக்கறோம். நீங்கோ ஒரு கட்டுரை எழுதித் தரணும்."

"எதைப் பத்தி?"

"உங்க சர்வீஸைப் பத்தி."

"குழாயைப் பத்தியா?"

"அய்யோ, அது வேண்டாம் கேட்டேளா. எஞ்சின் உள்ள பாகம் மட்டும் மதி."

எஞ்சின் உள்ள பாகம் மட்டும் போதும் என்றால், முதலில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம். நடுவில் முப்பது வருடம் வெறும் தண்ணீர். அதைத் தாண்டிவிடுகிறேன்.

மலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையில் இருந்தது என்னைப் போட்ட எஞ்சின் ஷெட். அங்கே பாய்லர் இன்ஸ்பெக்டர் தேவசகாயம் சார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மேலதிகாரியிடம் பேசுகிற அதே குரலில்தான் கலாசியிடமும் பேசுவார். மேலதிகாரிகளுக்கு அது பிடிக்காது.

பாய்லருக்குள் போவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுப்பார். பிறகு கைக்கடிகாரம். "உள்ள போயி மணி பாக்கப்பிடாது தம்பி. பாத்தா வேகமா முடிக்கணும்னு தோணும்." தலையில் துண்டு. மூக்குக்கண்ணாடி கழன்று விழாமல் பின்னால் கயிறு. கையில் சின்னச் சுத்தியல், மூங்கில் பிடி போட்டது. கரி அள்ளிப் போடும் வாய் இருக்கிறதே, அது ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் அகலம். அதற்குள் முதலில் ஒரு கை, பிறகு தலை, பிறகு மற்ற கை என்று நுழைந்து மறைந்துபோவார்.

உள்ளே என்ன செய்வார் என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். எஞ்சினின் அடுப்புக்கு இரண்டு சுவர்கள். உள்சுவரில் நெருப்பு, வெளிச்சுவரில் ஊர்க்காற்று, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். அது ஆவியாகி நெட்டித் தள்ளும்போது சுவர்கள் பிய்த்துக்கொண்டு போகாமல், நூற்றுக்கணக்கான இரும்புத் தண்டுகள் இரண்டையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்டே என்போம். ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல தண்டு மணி மாதிரி பதில் சொல்லும். ஒடிந்தது, கதவைத் தட்டினால் ஆளில்லாத வீடு மாதிரி இருக்கும். அது தவிர, ஒவ்வொரு தண்டின் வெளிமுனையிலும் பென்சில் கூர் நுழைகிற அளவுக்கு ஒரு துளை போட்டு வைத்திருப்பார்கள். தண்டு உள்ளே ஒடிந்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் வெளியே கசியும். ஷெட்டில் அதற்குப் பெயர் கோள்சொல்லி.

தட்டி முடித்து தேவசகாயம் சார் வெளியே வருவார். முகம், முதுகு எல்லாம் கரி. உடனே எல்லோரும் கேட்பார்கள்: "என்ன சார், எப்படி?" அவர் பதிலே சொல்லமாட்டார். முகம் கழுவி, சட்டை போட்டு, கடிகாரம் கட்டி, ஒரு டீ குடிப்பார். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் வாய் திறப்பார்.

நான் ஒருநாள் கேட்டேன், ஏன் சார் என்று.

"டீக்கு முந்திச் சொல்றது ஆசை தம்பி. டீக்குப் பொறவு சொல்றதுதான் ரிப்போர்ட்டு."

இன்னொரு வழக்கமும் உண்டு. தகுதி என்று கையெழுத்துப் போட்டவர் அந்த எஞ்சினின் முதல் ஓட்டத்தில் டிரைவர் பக்கத்தில் ஏறி நின்று போக வேண்டும். விதிப் புத்தகத்தில் இல்லை. தேவசகாயம் சார் ஷெட்டின் சட்டம். கையெழுத்து ஒழுங்காக வருவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பிறகு எந்த இலாகாவிலும் பார்க்கவில்லை.

நீராவிக்கு விடைகொடுக்கும் நாள் வந்தது. கடைசி வண்டியை ஒரு பழைய எஞ்சின் இழுத்துப் போகவேண்டும், பூ, வாழைமரம், நாதஸ்வரம் எல்லாம் ஏற்பாடு. தேவசகாயம் சார் என்னைக் கூப்பிட்டு, "நான் உள்ள பாக்கேன், நீங்க வெளியே பாருங்க. சரியா இருந்தா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். நீங்க ஏறிப் போங்க" என்றார். எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. அன்று சாயந்திரமே கடைக்குப் போய் ஒரு சட்டை வாங்கினேன். வெள்ளைச் சட்டை. நீராவி எஞ்சினில் ஏறுவதற்கு வெள்ளைச் சட்டை வாங்கிய ஆள் அகில உலகத்திலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போட்டோவில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று எண்ணம்.

அவர் உள்ளே வெகுநேரம் தட்டினார். வெளியே வந்து, டிரைவர் நிற்கும் ஃபுட்பிளேட்டில் உட்கார்ந்தார். எனக்கு டீ வரைக்கும் பொறுக்கவில்லை.

"சார், ஓடுமா?"

முதல்முறையாக டீக்கு முன்னால் பதில் சொன்னார். "ஓடும் தம்பி."

நான் அந்த நிமிஷமே எஞ்சினில் ஏறிப் பாதி தூரம் போய்விட்டேன். டீ வந்தது. குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பேனாவை எடுத்து, "நீராவிக்குத் தகுதியில்லை" என்று எழுதினார்.

மேலிடத்திலிருந்து போன் வந்தது. ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தார், எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. ரெண்டே கிலோமீட்டர், மெதுவாகப் போகட்டும், எல்லாரையும் அழைத்தாயிற்று.

"பாய்லருக்கு தூரம் தெரியாது சார். பிரஷர் மட்டுந்தான் தெரியும்," என்றார், கலாசியிடம் பேசுகிற குரலில்.

டீசல் எஞ்சினுக்கு மாலை போட்டு விழாவை முடித்தார்கள். நாதஸ்வரக்காரர்கள் வித்தியாசம் பார்க்காமல் வாசித்தார்கள். என் வெள்ளைச் சட்டை அன்று முழுக்க வெள்ளையாகவே இருந்தது. தேவசகாயம் சார் விழாவுக்கு வரவில்லை. ஷெட்டில், தான் வேண்டாம் என்று எழுதிய எஞ்சினின் படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை அவர் கவனிக்கவே இல்லை என்பது என் கோபத்துக்குக் கிடைத்த பெரிய அவமானம். ஓடாது என்று எழுதியதைக்கூட மன்னித்துவிட்டேன். அதற்கு முன்னால் எதற்கு ஓடும் என்று சொன்னார்? அதுதான் ஆறவில்லை.

இனி விஜியின் எஞ்சின்.

வேளிப் பக்கம் கடலை ஒட்டி ஒரு கூரை ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது. மண் வந்த வேகன்களை உள்ளே தள்ளிவிட ஒரு குட்டி எஞ்சின் வைத்திருந்தார்கள். தொழிற்சாலை மூடி, கூரை இறங்கி, எஞ்சின் மட்டும் உப்புக்காற்றில் நின்றது. வாரிசுகள் அதை இந்தக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கழக்கூட்டத்துப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் போய்த் துரு சுரண்டினார்கள். அவர்களோடு முத்துப்பாண்டி என்று ஒரு வெல்டர். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர், கட்டட வேலைக்கு இங்கே வந்தவர். ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாமல் இரும்பு வேலை செய்ய வருவார். ஏன் என்று கேட்டதற்கு, "மத்த நாளெல்லாம் ஜன்னல் கம்பிதான அண்ணாச்சி" என்றார்.

விஜியின் அப்பா என் பக்கத்துத் தெரு. மகளிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அரசு இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் தங்கள் பக்கத்திலிருந்து விஷயம் தெரிந்த ஒருவர் பாய்லரைப் பார்த்து எழுதித் தரவேண்டும், அவர் சரியென்றால்தான் மேற்கொண்டு போவது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். "சார் கையெழுத்துப் போட்டா மதி" என்றாள் விஜி.

கையெழுத்து என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கடைசி எழுத்தின் சுழி ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில் சொன்னேன்.

"பாய்லரா?" என்றாள் கோமதி. "பாத்ரூம்ல ஹீட்டர் ஓடாமக் கெடக்கு. அதை முதல்ல பாருங்க."

போய்ப் பார்த்தேன். புதுப்பெண் மாதிரி நின்றது. கறுப்புப் பெயின்ட், சிவப்புக் கோடு, பித்தளையெல்லாம் பளபளப்பு. முத்துப்பாண்டி என்னை நேராக அடுப்பின் வெளிச்சுவர்ப் பக்கம் கூட்டிப் போனார்.

"தடவிப் பாருங்க அண்ணாச்சி."

தடவினேன். வழவழவென்று இருந்தது. துளை ஒன்றுகூடக் கைக்குத் தட்டவில்லை.

"இந்தப் பக்கம் பூரா அம்மைத் தழும்பு மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. ஒண்ணு விடல. எல்லாத்தையும் வெல்டு வச்சு அடைச்சு, கிரைண்டர் போட்டு, பட்டி பாத்து..."

"மழைக்காலம் முழுக்க இதாக்கும் வேலை," என்றாள் விஜி பெருமையாக.

கோள்சொல்லிகளின் வாயை ஒன்றுவிடாமல் அடைத்திருந்தார்கள். நான் அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஓட்டையைக் கண்டால் அடைக்கத் தோன்றுகிறவர்கள்தான் பழுதுபார்க்கவே வருவார்கள். என்னைப் போன்றவர்கள் வீட்டில் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

விஜி வழவழப்பான சுவரில் விரலை வைத்தாள். "அப்போ இது அலாரம். நாங்க அலாரத்தை எடுத்துக் களைஞ்சுட்டு, தப்பே இல்லைன்னு சொல்லிண்டிருக்கோம். அல்லே சார்?" தப்புக் கண்டுபிடிப்பதே வேலை என்பதால் அவளுக்கு அது அதிகமாக வலித்தது.

முத்துப்பாண்டி பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "ஓட்டையை அடைக்கத்தான் என்னைய எல்லாரும் கூப்பிடுவாங்க. ஓட்டை போடுன்னு சொல்ற மொத ஆளு நீங்கதான் அண்ணாச்சி."

"எல்லாத்தையும் போடணும்."

"போடுவோம். இதென்ன, ஜன்னல் கம்பியா அலுத்துக்கிடறதுக்கு?"

பல ஞாயிறுகள் போயின. துளைகள் மறுபடி திறந்தன. நான் உள்ளே போகவேண்டிய நாள் வந்தது. சட்டையைக் கழற்றி மடித்து விஜியிடம் கொடுத்தேன். கடிகாரத்தையும். தலையில் துண்டு கட்டினேன். முதலில் ஒரு கை, பிறகு தலை, பிறகு மற்ற கை. தேவசகாயம் சாரிடம் கற்றது அத்தனையும் சரியாகச் செய்தேன். அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது, வயிறு. அது வெளியே நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, மூச்ச வெளிய விடுங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"விட்டாச்சு."

"முழுசும் விடுங்க."

"சார் இதுல கடைசியாக் கேறினது எப்போ?" இது விஜி.

"அன்னிக்கு இந்த வாய் பெரிசா இருந்தது," என்றேன் இருட்டுக்குள்ளிருந்து.

முத்துப்பாண்டி என் இரண்டு கால்களையும் பிடித்து, ஜன்னல் கம்பியைச் சட்டத்தில் ஏற்றுகிற மாதிரி ஒரு திருப்புத் திருப்பித் தள்ளினார். உள்ளே விழுந்தேன்.

அந்த வாசனையை எப்படி எழுதுவது? பழைய சாம்பல், துரு, எங்கோ ஒரு மூலையில் இன்னும் மிச்சமிருக்கும் கந்தகம். மூன்று பக்கமும் இரும்பு, தலைக்கு மேலே இரும்பு, கரி போடும் வாய் வழியாக ஒரு வட்ட வெளிச்சம். இருபது வயதில் இதற்குள் எப்போது வெளியே போவோம் என்றிருக்கும். இப்போது யாராவது கதவைச் சாத்திவிட்டுப் போனால் நல்லது என்றிருந்தது. தட்ட ஆரம்பித்தேன். மணி. மணி. மணி. வலப்பக்கச் சுவர் முழுக்க அப்படித்தான். நானே சிரித்துக்கொண்டேன். இடப்பக்கம், அதாவது கடலைப் பார்த்த பக்கம், திரும்பினேன். மேல்வரிசை மணி. கீழே வரவர, ஆளில்லாத வீடுகள். சில இடத்தில் தண்டை விட்டுச் சுவரையே தட்டிப் பார்த்தேன். தகடு அப்பளம் மாதிரி சத்தம் போட்டது.

காதை நம்ப வேண்டாம் என்று முடிவு செய்தேன். முப்பது வருடமாகக் குழாய்ச் சத்தம் கேட்ட காது. வெளியே வந்து, பாய்லர் நிறையத் தண்ணீர் ஏற்றிக் கைப்பம்பில் அழுத்தம் கொடுக்கச் சொன்னேன். நெருப்பில்லாமல், ஆவியில்லாமல், வெறும் தண்ணீரை வைத்துப் பார்க்கும் சோதனை. தண்ணீர் விஷயத்தில் என் அனுபவத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது.

பிள்ளைகள் மாறி மாறிப் பம்ப் அடித்தார்கள். முள் ஏறியது. கடல் பக்கச் சுவரில் ஒரு துளையிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் கிளம்பியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கீழ்வரிசை மொத்தமும். மாலை வெயில் அதன்மேல் விழுந்தது.

"அய்யோ, எந்தொரு பங்கி!" என்று விஜி கூவினாள். "யாராவது வீடியோ எடுங்கோ!"

எடுத்தார்கள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. நான் ஒழுகும் துளைகளை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவள் போனைத் தாழ்த்தினாள்.

"சார்... ஓடுமா?"

ஓடும் என்று வாய்வரை வந்தது. "டீ வரட்டும்," என்றேன்.

முத்துப்பாண்டி வாசல் கடையிலிருந்து தூக்குவாளியில் டீ கொண்டு வந்தார். தேவசகாயம் சார் ஒரு டீதான் குடிப்பார். நான் மூன்று குடித்தேன். அந்த மூன்று டீக்குள் எனக்கும் எனக்கும் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. குறைந்த அழுத்தத்தில் ஓட்டலாமே. ஒரே ஒரு தடவை. இங்கேயிருந்து அந்தச் சுவர் வரைக்கும். தூரம் எவ்வளவு, ஒன்றுமில்லையே. அந்தக் குரலை முன்பு எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்தேன். தேவசகாயம் சார் சற்றுத் தள்ளிப் பிடித்திருந்த ரிசீவரிலிருந்து வந்த குரல். அது என் குரலில் பேசும் என்று நான் நினைத்ததில்லை. ஆவியேற்றினால் அந்த எஞ்சினைச் சுற்றி நிற்கப்போவது யார் என்று பார்த்தேன். விஜி பம்பின் மேல் உட்கார்ந்திருந்தாள். முத்துப்பாண்டி கடல் பக்கச் சுவரில் ஒழுகிய தண்ணீரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், நிற்காது என்று தெரிந்தும்.

மூன்றாவது டம்ளரைக் கீழே வைத்தேன். "நீராவிக்குத் தகுதியில்லை" என்று எழுதினேன். தண்டுகளை மாற்றினால் போதாது, தகடே போய்விட்டது, புதுப் பாய்லர் வேண்டும் என்றும் எழுதினேன். கீழே கையெழுத்து. சுழி, கோடு, இரண்டு புள்ளி. நோட்டின் கடைசிப் பக்கங்களில் பழகியது அப்படியே வந்தது. என் வாழ்நாளில் ஒரு நீராவி எஞ்சினுக்கு நான் போட்ட ஒரே கையெழுத்து.

விஜி வாசித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒரு மாதம் பேசாமல் இருப்பாள் என்றும் நினைத்தேன், எனக்குத் தெரிந்த முறை அதுதான். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "தேவசகாயம் சார் டீக்கு முந்தி என்ன சொன்னார்ன்னு ஒருநாள் சொன்னேளே," என்றாள். "நீங்கோ அதுகூடச் சொல்லலை." பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு ஆள் வராது என்று நினைத்துப் போனேன். எல்லோரும் இருந்தார்கள். ரோடு உடைக்கிறவர்கள் இழுத்துப் போவார்களே, அந்தக் கம்ப்ரஸர் ஒன்றும் இருந்தது. முத்துப்பாண்டி தன் மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். பாய்லரைத் தொடாமல், காற்றை நேராகச் சிலிண்டருக்கு விட்டால் சக்கரம் சுற்றும் என்று விஜி எங்கோ படித்திருக்கிறாள். சுற்றும். அதில் ஆபத்தும் இல்லை. ஆவி செய்வதைக் காற்று ஒப்புக்குச் செய்யும்.

ஏற்பாடெல்லாம் முடிந்து ஓட்டும் நாளில் கோமதி பீரோவிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "கரியில்லை, புகையில்லை. காத்துதானே. தைரியமாப் போட்டுக்கிடுங்க." பழைய சட்டை இல்லை, அது எப்போதோ கரித்துணியாகிவிட்டது. ஆனால் அவளுக்கு அந்தக் கதை தெரியும்.

"கேறுங்கோ சார்," என்றாள் விஜி.

"நான் போட்டது தகுதியில்லைங்கற கையெழுத்து. அதுக்கு ஏறணும்னு சட்டம் இல்லையே."

"கையெழுத்து கையெழுத்தாக்கும். கேறுங்கோ."

ஏறினேன். கம்ப்ரஸர் கத்தியது. ரப்பர் குழாய் விறைத்தது. எஞ்சின் ஒரு முறை முனகி, உடம்பைக் குலுக்கிக்கொண்டு நகர்ந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். முத்துப்பாண்டி குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினார். குழாயின் நீளம்தான் எங்கள் பாதை. விசிலுக்கும் காற்றைக் கொடுத்திருந்தார்கள். அது சத்தம் போட்டது, சளி பிடித்தவன் பாடுகிற மாதிரி. நீராவி விசிலில் ஒரு ஈரம் உண்டு. முதலில் கொஞ்சம் கமறி, தண்ணீரைத் துப்பி, பிறகு மேலே ஏறும். அந்த ஷெட்டில் அது மலையில் போய் மோதித் திரும்பி வரும்.

பிடிப்புக்காக என் கை அடுப்புக் கதவின் பக்கம் போனது. போன வேகத்தில் வெடுக்கென்று பின்னால் வந்துவிட்டது, சூடு பட்ட மாதிரி. கதவு பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. என் கைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. நான் கையைத் தேய்த்துக்கொண்டே நின்றேன். குழாய் தீர்ந்தது, எஞ்சின் நின்றது.

இறங்கினேன். சட்டையைப் பார்த்தேன். வெள்ளை.

"எப்படி இருந்தது சார்?" விஜி ஓடி வந்தாள். பிள்ளைகளில் ஒருவன் தூக்குவாளியோடு வாசலில் வந்துகொண்டிருந்தான். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சரி, டீ குடிச்சிட்டுச் சொல்லுங்கோ."

"வேண்டாம்," என்றேன். "டீக்கு முந்தியே சொல்லிடறேன். ஓடும்."